திகாரிலிருந்து வந்த கடிதம்

நேயர்களுக்கு வணக்கம்.

தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டால் நகராட்சி அலுவலகத்துக்குப் போவோம். அங்கே என்ன சொல்வார்கள்? "ஃபண்ட் இல்லை சார்." இதைக் கேட்காத காது நம் ஊரில் உண்டா? மத்தியப் பிரதேசத்து ரத்லாமிலும் இதையேதான் சொன்னார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பணமில்லை என்று சொல்லி நகராட்சி தன் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று 1980-இல் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர்.

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. அப்பாவும் வக்கீல். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை சட்டக் கல்லூரியிலும் படித்துவிட்டுத் தலைச்சேரியில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டார். மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. விவசாயிகள், தொழிலாளர்கள், கம்யூனிஸ்டுகள் என்று வழக்கோடு கட்சிக்காரர்கள் வந்தார்கள். 1948-இல் கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று சொல்லி அவரையே பிடித்து உள்ளே போட்டார்கள். சுமார் ஒரு மாதம். இந்த ஒரு மாதத்தை நேயர்கள் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வருவேன்.

1952-இல் நம் சென்னை சட்டமன்றத்தில் சுயேச்சை உறுப்பினர். 1957-இல் கேரளத்தில் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு அமைத்த முதல் அமைச்சரவையில் மந்திரி. சட்டம், உள்துறை, மின்சாரம், நீர்ப்பாசனம் எல்லாம் அவர் கையில். கூடவே சிறைத் துறையும்! ஒன்பது வருஷத்துக்கு முன் கைதியாக இருந்தவர் சிறை மந்திரி. 1959-இல் அந்த ஆட்சியைக் கலைத்தார்கள். 1968-இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி, 1973-இல் உச்ச நீதிமன்றம். கட்சி மேடையில் நின்றவர் நீதிபதி நாற்காலியில் உட்காரலாமா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நான் அவர் தீர்ப்புகளைப் படித்துத்தான் பதில் தேடிக்கொண்டேன். சும்மா படிக்க முடியாது. ஜூனியராக இருந்த நாளில் ஒரு கையில் தீர்ப்பு, மறு கையில் அகராதி! அவர் ஆங்கிலம் அப்படி. "இவர் தீர்ப்பு எழுதுகிறாரா, காவியம் எழுதுகிறாரா?" என்று என் சீனியர் அலுத்துக்கொள்வார். ஆனால் கையிலெடுத்தால் கீழே வைக்க மாட்டார்.

அந்த ஒரு மாதத்துக்கு வருகிறேன். டெல்லி திகார் சிறையிலிருந்து உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் வருகிறது. எழுதியவர் தூக்குத் தண்டனைக் கைதி. தனக்காக எழுதவில்லை, கவனியுங்கள். பக்கத்திலிருந்த இன்னொரு கைதியின் உறவினர்களிடம் பணம் கறக்க சிறை வார்டர் ஒருவர் அந்தக் கைதியைச் சித்திரவதை செய்ததாக எழுதியிருந்தார். முத்திரைக் கட்டணம் இல்லை, வக்காலத்து இல்லை. வெறும் கடிதம். அதையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டார்கள். நீதிமன்றமே வக்கீல்களை அமர்த்தி, சிறைக்குள் போய்ப் பார்த்துவரச் சொன்னது. கைதிகள் குறை எழுதிப் போடச் சிறைக்குள் பெட்டி வைக்க வேண்டும் என்று 1979 டிசம்பரில் கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு உத்தரவிட்டது. இன்னொரு விசாரணைக் கைதி, விலங்கு மாட்டி அழைத்துப் போகிறார்கள் என்று தந்தி கொடுத்தார். அதுவும் வழக்கானது. போலீஸ் வசதிக்காக யாருக்கும் விலங்கு போடக் கூடாது என்று 1980-இல் தீர்ப்பு. இதைத்தான் நான் எங்கே போனாலும் சொல்கிறேன்: வெறும் கடிதம் மனுவானது! கம்பியை உள்ளே இருந்து பார்த்தவர் என்பதால் அது அவருக்குத் தோன்றியது என்பது என் கணிப்பு.

எல்லோரும் கேட்கும் 1975-க்கு வருகிறேன். இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் உச்ச நீதிமன்றத்தில் கோடை விடுமுறை நீதிபதியாக இருந்தவர் இவர். சட்ட மந்திரி நேரில் பார்க்க வரட்டுமா என்று தொலைபேசியில் கேட்டார். மனுவை நீதிமன்றப் பதிவகத்தில் கொடுங்கள், அது போதும் என்றார் கிருஷ்ணய்யர். ஜூன் 24-ஆம் தேதி அலகாபாத் தீர்ப்புக்கு நிபந்தனையோடு தடை கொடுத்தார். பிரதமராக நீடிக்கலாம், சபைக்குப் போகலாம், எம்.பி.யாக வாக்களிக்கக் கூடாது. மறுநாள் இரவே நெருக்கடி நிலை. இதை இன்னும் விரிவாகச் சொல்ல நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நண்பர் இரண்டே நிமிடம் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார்.

ஓய்வுக்குப் பிறகு கொச்சியில் இருந்தார். 1987-இல் ஜனாதிபதித் தேர்தலில் எதிர்க்கட்சிகளின் வேட்பாளர். எதிரே நின்று ஜெயித்தவர் ராஜாமடத்து ஆர். வெங்கட்ராமன். அவரும் வக்கீல், அவரும் 98 வயது வரை இருந்தவர். கிருஷ்ணய்யர் 2014 டிசம்பர் 4 அன்று மறைந்தார், நூறு வயதை ஒட்டி. கடைசி வரை மரண தண்டனைக்கு எதிராக... சரி, ஒரு விரலும் மடங்கிவிட்டது. வணக்கம்.