கதீட்ரல் சாலை பங்களா

நேயர்களுக்கு வணக்கம். சென்னை ஜெமினி மேம்பாலத்தில் இறங்கி, கதீட்ரல் சாலை வழியாகக் கடற்கரைப் பக்கம் போனால் ஒரு பெரிய ஓட்டல் வரும். பழைய ஆட்களுக்கு அது சோழா ஓட்டல்; 1975இல் வந்தது. அதற்கு முன் அந்த இடத்தில் ஒரு பங்களா இருந்தது.

பங்களா, 'தி இந்து' கஸ்தூரிரங்க ஐயங்காருக்குச் சொந்தம். 1919இல் அதில் குடியிருந்தவர் ராஜாஜி. சேலத்தில் பெயரெடுத்த வக்கீல், நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். பொதுவேலையில் இன்னும் இறங்க வேண்டும் என்று ஐயங்கார் போன்ற நண்பர்கள் வற்புறுத்தி அழைத்ததால் சென்னைக்கு வந்திருந்தார். மனைவி காலமாகிச் சில வருஷங்கள்தான். பிள்ளைகள் ஐந்து பேர். கடைக்குட்டி லட்சுமி பிறந்தது 1912இல். தாயில்லாப் பிள்ளைகளோடு ஊர் மாறி வந்து, வந்த கையோடு ஊருக்கே பொதுவான ஒரு விருந்தாளியையும் ஏற்றுக்கொள்வது லேசான காரியமா?

விருந்தாளி காந்தி. பெரிய நோயிலிருந்து எழுந்த உடம்பு, நின்று பேசத் தெம்பில்லை. அப்படியும், விசாரணையே இல்லாமல் ஆட்களைச் சிறையில் வைக்க ஆங்கில அரசு கொண்டுவந்த ரௌலட் மசோதாவை எதிர்க்க வழி தேடி அவ்வளவு தூரம் ரயிலில் வந்தார். ஐயங்கார் வீட்டில் ஐயங்காரின் விருந்தாளியாகத் தங்கியிருக்கிறோம் என்றுதான் இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தாராம். தம்மை உபசரிப்பவர் ராஜாஜி என்று செயலாளர் மகாதேவ தேசாய் சொன்ன பிறகே தெரிந்தது. அவ்வளவு கூச்சம், வீட்டுக்காரருக்கு. எல்லாம் செய்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொள்வார். காந்தியே இதை எழுதிவைத்திருக்கிறார். எனக்கு மிகப் பிடித்த இடம் அது.

மசோதா சட்டமாகிவிட்டது என்ற செய்தி வந்தது. அன்றிரவு அதே யோசனையில் தூங்கிப்போன காந்திக்கு, விடியற்காலையில் பாதித் தூக்கத்தில் ஒரு எண்ணம் தோன்றியது: நாடு முழுவதும் ஒரு நாள் கடையடைத்து, வேலை நிறுத்தி, உண்ணாவிரதமும் பிரார்த்தனையுமாக இருக்க வேண்டும். எழுந்ததும் ராஜாஜியிடம்தான் சொன்னார். முதலில் குறித்த நாள் மார்ச் 30, பிறகு ஏப்ரல் 6. மாற்றம் தெரியாத டெல்லியில் 30ஆம் தேதியே கடைகளை அடைத்துவிட்டார்கள்.

பாரதியார் விறுவிறுவென்று உள்ளே வந்து, காந்தியிடம் பேசிவிட்டு, வந்த வேகத்தில் கிளம்பிப்போனதாக அவருடைய நண்பர், எழுத்தாளர் வ.ரா. சொல்வதும் இந்த வீட்டில்தான்.

இன்று ஓட்டல் முகப்பில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அது போதாது. காந்தி படுத்திருந்த அந்த ஒரு அறையையாவது விட்டுவைத்திருக்கலாம் என்று எனக்கு இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது.

அப்புறம், அந்தக் கடைக்குட்டி லட்சுமி. வளர்ந்த பிறகு அவரும் காந்தியின் மகன் தேவதாஸும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். சில ஆண்டுகள் பிரிந்திருந்து காத்திருங்கள் என்றார்கள் பெரியவர்கள் இருவரும். காத்திருந்தார்கள். 1933 ஜூனில் பூனாவில் கல்யாணம். கூச்சப்பட்டுப் பின்னால் நின்ற வீட்டுக்காரரும் அந்த விருந்தாளியும் சம்பந்திகள் ஆனார்கள்.