வேலையை விட்டுவிட்டு மியூசிக் ப்ரொட்யூசர் ஆகலாமா?

சரி, அடுத்த கேள்வி. தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். படிக்கிறேன்: "அண்ணா, டிப்ளமோ முடித்துவிட்டு அம்பத்தூரில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். ராத்திரியில் எஃப்எல் ஸ்டுடியோ சாஃப்ட்வேரில் பீட் (பாட்டுக்கான பின்னணித் தாள இசை) போடுகிறேன், நாற்பது பீட் கையில் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு எலக்ட்ரானிக் மியூசிக் ப்ரொட்யூசராகவே இருந்துவிடலாமா? வருமானம் எப்படி வரும்? என்ன லேப்டாப், ஹெட்போன் வாங்கலாம்?"

இப்போதைக்கு விடாதே தம்பி. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் இந்த 'ப்ரொட்யூசர்' என்கிற வார்த்தை. வியாசர்பாடியில் எங்கள் தெருவில் இன்றைக்கும் அதைச் சொன்னால் "எந்தப் படத்துக்குப்பா காசு போட்ட?" என்றுதான் கேட்பார்கள். ஒரு கல்யாணத்தில் மொய் எழுதும் இடத்தில் எங்கள் பெரியம்மா "ப்ரொட்யூசர் தம்பி வந்திருக்குது, எழுதிக்கோ" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். மொய் எழுதுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பேனாவைப் பிடித்தபடி பெரிய தொகையாக வரும் என்று காத்திருந்தார். என் பாக்கெட்டில் இருந்தது 200 ரூபாய்.

சிரிக்கலாம், ஆனால் நம்ம சட்டமும் பெரியம்மா கட்சிதான். 1957ஆம் வருடக் காப்பிரைட் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு ப்ரொட்யூசர் யாரென்றால், அந்தப் பதிவை உருவாக்க முன்வந்து பொறுப்பெடுத்தவர். பெரும்பாலும் காசு போட்டவர் அல்லது கம்பெனி. வேறொருவர் பொறுப்பெடுத்துச் செய்கிற பதிவில், ராத்திரி மூன்று மணி வரை உட்கார்ந்து கிக்கையும் (டிரம்மின் கனத்த அடி) பேஸையும் (அடியில் ஓடும் தாழ்ந்த சத்தம்) ஒட்டவைத்த நீ அந்தக் கணக்கில் வர மாட்டாய். மெட்டு உன்னுடையது என்றால் சட்டத்தின் கண்ணில் நீ இசையமைப்பாளர். அதனால் பேப்பரில் கையெழுத்துப் போடும்போது 'மியூசிக் ப்ரொட்யூசர்' என்று மட்டும் போட்டுவிட்டு வராதே, இசையமைப்பாளர் என்றும் உன் பெயரை எழுதச் சொல்.

பேப்பரா, அதெல்லாம் எதுக்கு என்று நானும் இருந்தவன்தான். ஆரம்பத்தில் ஒருத்தருக்கு 3,000 ரூபாய்க்கு ஒரு பீட் கொடுத்தேன், வாய்ப்பேச்சுதான். ஸ்டெம் எல்லாவற்றையும், அதாவது கிக், பேஸ், மேளம் என்று தனித்தனி ஃபைலாக, டிரைவில் போட்டு லிங்க் அனுப்பிவிட்டேன். ஆறு மாதம் கழித்து, ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற இடத்தில் அந்த பீட் மேல் வேறு யாரோ பாடி ஓடிக்கொண்டிருக்கிறது. சரி போகட்டும் என்று என் ஒரிஜினலை என் யூடியூப் சேனலில் ஏற்றினேன். மறுநாளே காப்பிரைட் கிளெய்ம், அதாவது இது எங்களுடையது என்று உரிமை கோரல். என் பீட்டுக்கு என் மேலேயே கிளெய்ம்! அவர்கள் முதலில் ரெஜிஸ்டர் செய்துவிட்டார்கள். பாட்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கிற யூடியூப் மெஷினுக்கு யார் உட்கார்ந்து செய்தார்கள் என்பது தெரியாது, யார் ஃபைலை முதலில் கொடுத்தார்கள் என்பதுதான் தெரியும். மறுப்பு எழுதிப் போட்டேன், பழைய ப்ராஜெக்ட் ஃபைலின் தேதி, சாட் எல்லாம் காட்டினேன், ரெண்டு மாதம் இழுத்தது. அந்த மன உளைச்சலில் ஒரு பீட்கூடப் போடவில்லை.

பிறகுதான் தெரிந்துகொண்டேன், எழுத்தில் கையெழுத்து இல்லாமல் காப்பிரைட்டை மாற்றிக்கொடுத்தால் அது செல்லாது. எழுதிக் கொடுத்த பேப்பரில் எத்தனை வருடத்துக்கு என்று போடவில்லை என்றால் 5 வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், எந்த ஊருக்கு என்று போடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். 2012இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். அதன்படி இசையமைப்பாளரும் பாட்டு எழுதியவரும் ராயல்டியில் (பாட்டைப் பயன்படுத்துவதற்கு வரும் காசு) தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக்கொடுத்தாலும் அது செல்லாது, உரிமையை வாங்கியவரோடு சரிபாதி வர வேண்டும். சினிமாப் பாட்டு என்றால் தியேட்டரில் படத்தோடு ஓடுவதற்கு மட்டும் இது பொருந்தாது. அந்தக் காசை வசூலித்துக் கொடுக்க ஐபிஆர்எஸ் என்று ஒரு சங்கம் 1969லிருந்து இருக்கிறது. நாற்பது பீட் வைத்திருக்கிற நீ முதலில் அதன் விதிகளைப் படி, பிளக்இன் (சாஃப்ட்வேரோடு சேர்க்கிற கூடுதல் கருவி) பிறகு டவுன்லோட் செய்யலாம்.

அப்புறம் வருமானம். ஸ்ட்ரீமிங் காசை நம்பாதே. ஸ்பாட்டிஃபையில் 2024லிருந்து ஒரு டிராக்கை 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்டிருந்தால்தான் அது பணக் கணக்கிலேயே சேரும், அதற்குக் கீழே என்றால் பூஜ்யம். எனக்குச் சோறு போடுவது ஏரியா வேலைகள். பிறந்தநாள் கானாவுக்கு டிராக், செத்துப்போன நண்பனுக்கு வருட நினைவுப் பாட்டு, ஆடி மாதத்தில் அம்மன் பாட்டு ரீமிக்ஸ், காலேஜ் கல்ச்சுரல்ஸ், குறும்படத்துக்கு பின்னணி இசை, தேர்தல் வந்தால் கட்சிப் பாட்டு. கட்சிப் பாட்டுக்கு முழுக் காசையும் முன்னாடியே வாங்கிவிடு, ரிசல்ட் வந்த பிறகு ஜெயித்தவரும் போனை எடுக்க மாட்டார், தோற்றவரும் எடுக்க மாட்டார். பிறந்தநாள் கானாவில் ஒரு தனித் தலைவலி. நாளைக்குப் பிறந்தநாள் என்று இன்றைக்கு சாயந்திரம் வருவார்கள், பதினாலு பேர் பெயர் பாட்டுக்குள் வர வேண்டும், ஒரு பெயர் விட்டுப்போனால் உன் வீட்டு வாசலில் பஞ்சாயத்து.

இந்த வேலைகளைக் கேவலமாக நினைக்காதே, என் காது வளர்ந்ததே இதில்தான். சாஃப்ட்வேரைத் திறந்ததும் ஒரு அடிக்கு நாலு கட்டம் போட்டுத் தரும். நம்ம குத்துக்கு ஒரு அடிக்கு மூன்று வேண்டும், ஆறு எட்டு தாளம். அதைக்கூட மாற்றாமல் சட்டி மேளம் லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) இழுத்துப் போட்டால் நொண்டும். ஒரு தடவை மேளக்கார அண்ணன் ஒருவரை வரவழைத்து ரெக்கார்ட் செய்தேன். ஸ்கிரீனில் பார்த்தால் ஒவ்வொரு அடியும் கோட்டுக்குச் சற்று முன்னால் விழுகிறது. நான் பெரிய ஆள் மாதிரி குவான்டைஸ் பட்டனை அமுக்கி எல்லாவற்றையும் கோட்டில் நிறுத்தினேன். அவர் கேட்டுவிட்டு, "தம்பி, நான் அடிச்சத எடுத்துட்டு வேற யாரையோ வாசிக்கச் சொல்லியிருக்க" என்றார். அண்டூ போட்டேன். அந்த முன்னால் விழுகிற அடியில்தான் ஆட்டமே இருக்கிறது.

இன்னொன்று, மிக்ஸ், அதாவது எல்லாச் சத்தத்தையும் அளவாகக் கலப்பது. ஹெட்போனில் என் பேஸ் நெஞ்சில் இடிக்கும். நண்பனின் ஷேர் ஆட்டோவில் மூலக்கடை போகிற வழியில் அதே பாட்டைப் போட்டால் பேஸையே காணோம், ஹை-ஹேட் (டிரம்மோடு வரும் தட்டு) மட்டும் சீ சீ என்று கேட்கிறது. 50 ஹெர்ட்ஸ் சத்தத்தைச் சின்ன ஸ்பீக்கர் எங்கே எழுப்பும்? சாச்சுரேஷன், அதாவது சத்தத்தைச் சற்றுச் சிதைத்துத் தடிக்கவைக்கிற எஃபெக்ட், கொஞ்சம் ஏற்றினால் அதே பேஸுக்கு 100, 150 ஹெர்ட்ஸில் கிளைச் சத்தங்கள் முளைக்கும், சின்ன ஸ்பீக்கரிலும் அந்த பேஸ் இருக்கிற மாதிரி காது நம்பிவிடும். அன்றிலிருந்து ஆட்டோவில் போட்டுக் கேட்காமல் எதையும் அனுப்புவதில்லை.

வேலையை விடாதே என்று சொன்னேனே, அதற்கு ஒரு ஆளைச் சொல்கிறேன். சரண்ஜித் சிங். பம்பாயில் இந்திப் பட ஆர்கெஸ்ட்ராக்களில் வாசித்த மனுஷன். ரோலண்டு கம்பெனியின் 808 டிரம் மெஷினையும் 303 பேஸ் மெஷினையும் வைத்து 1982இல் ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ஒரு ஆல்பமாகப் போட்டார். விற்கவில்லை. அந்த 303ஐ கம்பெனியே 1984இல் நிறுத்திவிட்டது, அவ்வளவாக விற்கவில்லை. அதைச் சிகாகோ பையன்கள் செகண்ட் ஹேண்டில் சல்லிசாக வாங்கி, பட்டன்களைத் திருகித் திருகி ஆசிட் ஹவுஸ் என்று ஒரு இசையையே உண்டாக்கினார்கள். நம்ம ஆள் அவர்களுக்கு முன்னாடியே கிட்டத்தட்ட அதே சத்தத்தைச் செய்துவிட்டு, கல்யாணக் கச்சேரிகளில் வாசித்துக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். 2010இல் அந்த ஆல்பம் மறுபடி வெளிவந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது, எழுபது வயதைத் தாண்டி ஐரோப்பிய மேடைகளில் ஏறினார். 2015இல் இறந்துபோனார். அந்த இருபத்தெட்டு வருடமும் அடுப்பெரிந்தது கச்சேரி வாசித்துத்தான்.

உன் அம்பத்தூர் ஷிப்ட்டும் அது மாதிரிதான். பீட் காசு, தொடர்ந்து ஒரு வருடம், ஆடி மாதத்தைக் கணக்கில் சேர்க்காமல், உன் சம்பளத்தில் முக்கால்வாசியைத் தொடட்டும். அப்போது வா, பேசுவோம்.

லேப்டாப் இருப்பதே போதும், ரேம் மட்டும் 16 ஜிபி ஆக்கிக்கொள். ஹெட்போன் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்குவதானால் உனக்கு மனப்பாடமான ஒரு பாட்டை போனில் கொண்டுபோய்ப் போட்டுக் கேட்டுவிட்டு வாங்கு, கடைக்காரர் போடுகிற பாட்டை நம்பாதே, அவர் எதில் போட்டாலும் நன்றாகக் கேட்கிற பாட்டாகத்தான் வைத்திருப்பார். நாற்பதில் ஒரு பீட்டை அனுப்பு, எம்பி3 மட்டும். ஸ்டெம் எனக்கும் அனுப்பாதே.