நெய்வேலியின் கணக்கில் வராதவர்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கடலூர் மாவட்டத்தில் நெய்வேலியைச் சுற்றிய ஊர்களில், ஒரு காலத்தில் ஆழத் துளையிட்டால் இறைக்காமலே நீர் பொங்கி வழிந்தது. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் அந்த ஊற்றுநீரோடு வெளிவந்த கரிய துகள்களே பழுப்பு நிலக்கரிக்கு முதல் தடயமாயின. 1956-இல் அதை வெட்டியெடுக்க நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் (என்.எல்.சி.) பிறந்தது; 1962-இல் மின் உற்பத்தி தொடங்கியது. திட்டமிட்ட நகரியமும், பள்ளிகளும், மருத்துவமனையும், நிரந்தர வேலை கிடைத்த குடும்பங்களின் உயர்வும் கண்கூடானவை. அவற்றைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. அந்த உயர்வுக்காக இழந்தவர்கள் எல்லோரும் கணக்கில் வந்தார்களா என்பதே என் கேள்வி.

முதலில் தண்ணீர். கரிப்படுகைக்கு அடியில் மிகுந்த அழுத்தத்தோடு தேங்கியிருக்கும் நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை பொங்கி உடையாமல் நிற்கும். இறைக்கும் நீரில் ஒரு பகுதி ஏரிகளுக்கும் பாசனத்துக்கும் போகிறது என்பது உண்மை. ஆனால் நிலத்தடி நீர்மட்டம் சர்வே கல்லைப் பார்த்து நின்றுவிடுவதில்லை. எல்லைக்கு வெளியே, பட்டா இன்றும் தம் பெயரிலேயே உள்ள விவசாயி, மோட்டாரை மேலும் மேலும் கீழே இறக்கி, அதுவும் எட்டாதபோது புதிதாகப் போர் போட்டு, அதற்காகக் கடன்பட்டு நிற்கிறார். அவருடைய நிலம் எடுக்கப்படவில்லை. ஆகவே இழப்பீட்டுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

நிலம் எடுக்கப்பட்டால் பட்டாதாரருக்குப் பணம் வரும். அதே வயலில் நாற்று நட்டு, களை பறித்து, அறுத்து, கூலியாக நெல் அளந்து வாங்கிய பெண்களுக்கு என்ன வந்தது? எடுப்புக்கு முந்தைய மூன்றாண்டுகள் அந்த நிலத்தை நம்பி வாழ்ந்த கூலியாட்களையும் குத்தகைதாரரையும் பாதிக்கப்பட்ட குடும்பங்களாக ஏற்றது 2013-ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம். நெய்வேலியிலோ, அதற்கு முன்பே சுரங்கங்களுக்குப் பெருமளவு நிலம் போய்விட்டிருந்தது.

2023 ஜூலையில் நெய்வேலி அருகே வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டுவதற்காக, நெற்பயிர் நின்ற வயலில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டது என்றது நிறுவனம். ஆவணப்படி அது சரிதான். ஆனால் அதன் பின்னும் அங்கே உழவு நடந்துகொண்டுதான் இருந்தது. உயர் நீதிமன்றம் ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு தரச் சொன்னது. பச்சைப் பயிர் சேற்றோடு புரண்டதைப் பார்த்த எவருக்கும் அந்தத் தொகை ஆறுதலாகாது.

அடுத்த விரிவாக்கத்துக்கு அளவெடுக்க வருவோர், பட்டாவோடு சுற்றுப்புறக் கிணறுகளின் ஆழத்தையும், கூலிக்குப் போகும் வீடுகளின் பெயர்களையும் முதல் நாளிலேயே பதிவு செய்ய வேண்டும். சுரங்கம் இயங்கும் காலம் முழுவதும் ஆண்டுதோறும் அக்கிணறுகளை அளந்து, நீர்மட்டம் இறங்கிய ஒவ்வோர் அடிக்கும் ஈடு தர வேண்டும்.