குழப்படிப் பிள்ளைக்கும் ஒரு கதை வேண்டும்

வணக்கம், திருகோணமலையில் இருந்து. இன்றைக்கு உப்புவெளிக் கடற்கரையில் நின்று கதைக்கிறேன், காற்று மைக்கில் அடிக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு அம்மா கேட்டிருந்தார், பெற்றோரே பிள்ளையைக் கவனிக்காமல் விடுகிற கதைகளைப் பத்து வயதுப் பிள்ளைக்கு ஏன் கொடுக்கிறீர்கள், பயந்துவிடாதா என்று. நியாயமான கேள்விதான். ஆனால் நாங்களெல்லாம் நல்லதங்காள் கதை கேட்டு வளர்ந்த ஆட்கள். ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளிவிட்டுத் தானும் குதிக்கிற தாயின் கதையை அம்மம்மாமார் சோறு தீத்திக்கொண்டே சொன்னார்கள், யாரும் வயது கேட்கவில்லை.

அதனால் இப்படியான விஷயம் வரலாமா என்று எனக்குச் சந்தேகமே இல்லை. வருகிற விதம்தான் எனக்கு இடிக்கிறது.

மட்டில்டாவை எடுங்கள், ரோல்ட் டால் 1988இல் எழுதியது. நான்கு வயதுப் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுத் தாய் பிங்கோ விளையாடப் போகிறாள், தகப்பனுக்கோ ஓட்டைக் கார்களை ஏமாற்றி விற்கவே நேரம் காணாது. வாசித்தால் சிரிப்பு வரும், வரட்டும் என்றுதான் எழுதியும் இருக்கிறார். ஹாரி பொட்டரைப் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற அறைப்பெட்டிக்குள் படுக்கவைத்து வளர்க்கிறார்கள். ஆனால் இந்த இரண்டு பேரும் எப்படிப்பட்ட பிள்ளைகள்? கெட்டிக்காரர், நல்ல மனசு, பகிடியும் விடுவார்கள். அன்பே கிடைக்காத வீட்டில் பிள்ளை அவ்வளவு வடிவாக வளர்ந்து வருமா? அப்புறம் ஒருத்திக்குப் பார்வையாலேயே பொருளை அசைக்கிற சக்தி, மற்றவனுக்கு மந்திரப் பள்ளிக்கூடத்தில் இருந்து கடிதம். கிண்ணியாவிலோ மூதூரிலோ இருக்கிற பிள்ளைக்கு யார் கடிதம் போடப் போகிறார்கள்?

எனக்குப் பிடித்தவள் மேரி. 'தி சீக்ரெட் கார்டன்', பிரான்சஸ் ஹாட்சன் பர்னெட், 1911. இந்தியாவில் இருக்கிற வெள்ளைக்காரக் குடும்பம், தாய்க்கு விருந்துகள்தான் முக்கியம், பிள்ளை பிறந்த உடனேயே ஆயாவின் கையில் கொடுத்துக் கண்ணில் படாமல் வைத்திருக்கச் சொல்லிவிட்டாள். கொலரா வந்து தாய் தகப்பன் செத்து, வேலையாட்களும் ஓடிப்போக, இப்படி ஒரு பிள்ளை வீட்டுக்குள் இருக்கிறது என்பதே எல்லோருக்கும் மறந்துபோகிறது. கடைசியில் கண்டுபிடிக்கிறவர்களிடம் அவள் அழவில்லை, ஏன் ஒருவரும் வரவில்லை என்று கோபப்படுகிறாள். சிடுமூஞ்சி, திமிர், வேலைக்காரரை அடிக்கிறவள். பர்னெட் முதல் வரியிலேயே அவளை யாருக்கும் பிடிக்காது என்று காட்டிவிடுகிறார், அந்தத் துணிச்சல்தான் எனக்குப் பெரிது. ஏனென்றால் கவனிப்பாரில்லாத பிள்ளை வகுப்பிலும் அப்படித்தான் இருக்கும், ஒன்றில் மூலையில் சத்தமில்லாமல் இருக்கும், இல்லையென்றால் அடிபிடி, சாப்பாட்டை ஒளித்துவைக்கிறது, யாராவது அன்பாகக் கதைத்தாலும் நம்பாமல் முறைக்கிறது. நாங்கள் அதற்குக் குழப்படி என்று பெயர் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கிறோம்.

தமிழில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 'அன்னையும் பிதாவும் முன்னறி தெய்வம்' என்று ஔவையார் சொன்னதைப் பாடமாக்கிய பிள்ளை, தன் வீட்டில் நடக்கிறதைச் சரியில்லை என்று எந்தக் கதையை வைத்துச் சொல்லும்? எங்கள் சிறுவர் கதைகளில் பெரும்பாலும் பிழை விடுகிறது பிள்ளை, திருத்துகிறது பெரியவர்.

இதைச் சொல்லும்போது கவனமும் வேண்டும். இந்த மாவட்டத்தில் எத்தனையோ அம்மாமார் வீட்டு வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போயிருக்கிறார்கள், பிள்ளைகள் அம்மம்மாவோடு இருக்கிறார்கள். யுத்தத்தால் இடம்பெயர்ந்த குடும்பங்கள், 2004 சுனாமியில் ஆட்களைப் பறிகொடுத்த குடும்பங்கள். அந்தத் தாய் பிள்ளையைக் கைவிட்டவள் இல்லை, ஆனாலும் பிள்ளைக்கு உள்ளே ஒரு ஓட்டை விழத்தான் செய்யும், இந்த இரண்டையும் ஒரே கதைக்குள் வைத்து, ஒருவரையும் வில்லனாக்காமல் யாராவது எழுதித் தந்தால் முதல் பிரதியை நானே வாங்குவேன்.

சரி, மேரியைப் பிள்ளைக்குக் கொடுக்கிறவர்களுக்கு ஒன்று. அதில் இந்தியரைப் பற்றிக் கதைக்கிற விதம் பழைய வெள்ளைக்காரத் திமிர், பக்கத்தில் இருந்து வாசித்து அந்த இடங்களில் நிறுத்திச் சொல்லுங்கள். வாசிக்கும்போது பிள்ளை 'எங்கட வீட்டிலயும் இப்படித்தான்' என்று ஏதாவது சொன்னால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முழுதாகக் கேளுங்கள். உதவி தேவை என்று பட்டால் 1929, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், தமிழிலும் கதைக்கலாம்.