திரை பிடிப்பவர் பெயர் என்ன?

அவையோருக்கு வணக்கம்.

நம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால், அதாவது மகாபாரத விழா எடுத்தால், பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து, கடைசி நாள் துரியோதனன் வீழும் படுகளம். இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. கர்ணன் வேடம் கட்டுபவர் யார், பாஞ்சாலி யார் என்பதும் ஊருக்கே தெரியும். ஃபிளெக்ஸில் படம் போட்டுவிடுகிறார்கள். மிருதங்கம் யார்? பின்பாட்டு யார்? வேடக்காரர் வரும்போது முன்னால் துணித் திரை பிடித்த இரண்டு பேர் யார்? கேட்டால் பதில் வராது. இத்தனைக்கும் விடிய விடிய அவர்கள் நம் கண்ணெதிரேதான் இருக்கிறார்கள்.

கூத்துக் குழுவைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குப் போய்ப் பயனில்லை. பொழுது சாய்ந்ததும் போங்கள். குழுவை நடத்தும் வாத்தியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, வேடம் கட்டும் இடத்தில் ஓரமாக உட்காருங்கள்.

முதலில் கண்ணில் படுவது வர்ணம் குழைப்பது. முத்துவெள்ளை, செந்தூரம், மஞ்சள், மை என்று நாலைந்து கிண்ணம். எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய். சூட்சுமமே எண்ணெயின் அளவில்தான். எண்ணெய் கூடிவிட்டால் முதல் பாட்டிலேயே வியர்வையோடு வழிந்து புருவத்து மை கண்ணுக்குள் இறங்கும். குறைந்தால் காய்ந்து, வாயைத் திறந்து பாடும்போது கன்னத்தில் செதில் செதிலாக வெடிக்கும். அடிப்பூச்சை மெல்லியதாகப் பூசி, அது படிந்த பிறகுதான் மேலே கோடு இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் இரண்டு நிறமும் கலந்து சேறாகிவிடும். பழைய அரிதாரம் ஆர்செனிக் கலந்த மஞ்சள் கல், தோலுக்கு ஆகாது. இன்று பலரும் கடை வர்ணத்துக்கு மாறிவிட்டது நல்லதே. விடிந்து வேடம் கலைக்கும்போதும் முதலில் எண்ணெய், துணியால் துடைப்பு, அப்புறம்தான் சோப்பும் தண்ணீரும்.

பெரிய ராஜ வேடம் என்றால் முகத்துக்கும் உடைக்குமாக இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் மரத்தில் செய்தவை. கல்யாண முருங்கை மரத்தை விரும்புவதற்குக் காரணம் அதன் எடை. காய்ந்தால் தக்கைபோல் இருக்கும், உளிக்கும் இணங்கும். அதன் குறை, பூச்சி சீக்கிரம் அரிக்கும். அதனால்தான் ஆட்டம் இல்லாத மாதங்களிலும் பெட்டியைத் திறந்து வெயில் காட்ட ஓர் ஆள் வேண்டும். தலையில் துணியை இறுக்கிச் சுற்றி அதன்மேல் கிரீடத்தைக் கட்டுவார்கள். தளர்ந்திருந்தால் சுழன்று ஆடும்போது ஒரு பக்கம் சாயும். அதிகம் இறுக்கினால் நடுச்சாமத்துக்குள் தலைவலி வந்து, மேல்சுருதியில் பாட முடியாமல் போகும். ஆக, துரியோதனன் கம்பீரத்தில் பாதி, கயிறு இழுத்துக் கட்டியவரின் கைக்கணக்கு.

அடுத்து மிருதங்கக்காரர். ஆர்மோனியத்தின் சுருதி மாறாது, தோல் மாறும். இரவு ஏற ஏறப் பனியில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். வலந்தலையின் விளிம்பைத் தட்டித் தட்டி ஏற்றிக்கொண்டே இருப்பார். இடந்தலையில் அப்பிய ரவைப் பசையோ வேறு மாதிரி. விளக்குச் சூட்டிலும் காற்றிலும் அது காய்ந்துவிடும், ‘தொம்’ என்ற கனம் போய்விடும். வசனம் ஓடும் இடைவெளியில் விரலில் தண்ணீர் தொட்டு அதைத் தடவிக் கொடுப்பதைப் பாருங்கள். அந்த நேரத்தில் போய்ச் செல்ஃபி கேட்பவர்களை என்ன சொல்ல!

பின்பாட்டுக்காரர்களைக் ‘கோரஸ்’ என்று தள்ளிவிடக் கூடாது. வேடக்காரர் ஓர் அடி பாடி ஆடத் தொடங்கியதும் அந்த அடியை இவர்கள் வாங்கிப் பாடுவதால்தான் அவருக்கு மூச்சு திரும்புகிறது. வரி மறந்தால் எடுத்துக் கொடுப்பதும் இவர்களே. பின்பாட்டு சோர்ந்த இரவில், விடியற்காலைப் போர்க்களக் காட்சிக்கு வரும்போது வேடக்காரருக்குத் தொண்டை கட்டியிருக்கும். நாம் அவரைக் குறை சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்.

கட்டியங்காரனைச் சிரிப்புக் காட்ட வந்தவர் என்று நினைக்கிறோம். ராஜாவை வரவேற்று, ‘தாங்கள் யார், எந்த தேசம்?’ என்று விசாரித்து நமக்கு அறிமுகப்படுத்துவது அவர் வேலை. இன்னொரு வேலையும் உண்டு: நேரத்தை இழுப்பது, சுருக்குவது. ஒரே நகைச்சுவையை அவர் நீட்டிக்கொண்டே போனால், உள்ளே அடுத்த வேடம் தயாராகவில்லை என்று பொருள். ஓசூர், தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை வீசத் தெரிந்திருக்க வேண்டும். அனுபவம் இல்லாதவருக்கு இந்த வேடத்தைத் தரமாட்டார்கள்.

திரை பிடிப்பவர்கள் பெரும்பாலும் கற்றுக்கொள்ள வந்த இளைஞர்கள். வேடக்காரர் திரைக்குப் பின்னால் நின்று தன் வருகைப் பாட்டைப் பாடி முடிக்கும்வரை திரை விலகக் கூடாது. ஒரு வரி முந்தினாலும் பிரவேசத்தின் மிடுக்கு போச்சு. எப்போது விலக்குவது என்று தெரிய வேண்டுமானால் பாட்டும் தாளமும் மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். திரைதான் அவர்களுக்குப் பள்ளிக்கூடம்.

இத்தனைக்கும் மேலே வாத்தியார். யாருக்கு எந்த வேடம், எந்தப் பாட்டை வெட்டுவது என்பது அவர் முடிவு. துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று வரிசை போவதால், மழையில் ஓர் இரவு போனால் சும்மா தள்ளிப்போட முடியாது. அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவதும் படுகளமும் கோயில் சடங்கோடு நாள் குறித்தவை. இரண்டு இரவுக் கதையை ஒரே இரவில் முடிச்சுத் தெரியாமல் சுருக்க அவரால்தான் முடியும். மாசி, பங்குனி தொடங்கி ஆடி வரை ஆட்டம். மற்ற மாதங்களில் இந்த ஆட்களில் பலர் வயல்காட்டு வேலையிலோ பெங்களூர்க் கட்டட வேலையிலோ இருப்பார்கள். அவர்களைத் திரட்டி ஒத்திகைக்கு உட்கார வைப்பதும் வாத்தியார் தலையில்தான்.

விழாக் குழுவில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தை. சாப்பாட்டை ஏழு மணிக்குள் போட்டுவிடுங்கள். பத்து மணிக்கு இலை போட்டால், வர்ணம் பூசிய வாயோடு அவர்கள் எப்படிச் சாப்பிடுவது? ஒன்று பட்டினி, இல்லையென்றால் ஆட்டம் தாமதம். வேடம் கட்டும் இடத்தில் கண்ணாடிக்கு இரு பக்கமும் விளக்கு வேண்டும். பின்னால் ஒரே ஒரு பல்பு என்றால் தன் நிழலே முகத்தில் விழும், புருவம் கோணும். ஜெனரேட்டரைக் கூத்து ஆடும் களரிக்குத் தூரமாக வையுங்கள். நடுவில் ஒரே மைக்கை நட்டால் ஆடிக்கொண்டே பாடுபவர் குரல் பாதி கேட்காது. மேலே இரண்டு மைக் தொங்கவிடுங்கள், பின்பாட்டுக்குத் தனியாக ஒன்று.

நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் வாத்தியாரிடம் முழுப் பெயர்ப் பட்டியல் கேட்டு வாங்குங்கள். உபயதாரர் பெயர்களுக்குக் கால் பக்கம் குறைந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, மிருதங்கமும் பின்பாட்டும் திரை பிடித்தவர்களும் அதில் இருக்க வேண்டும்.