உமி கொண்டு வருகிறவன்

நேயர்களுக்கு வணக்கம்.

‘நீ அவல் கொண்டு வா, நான் உமி கொண்டு வருகிறேன், இரண்டையும் கலந்து ஊதி ஊதித் தின்போம்’ என்றானாம் ஒருவன். உமி கொண்டு வருகிறவனை ஏமாற்றுக்காரன் என்றே நாம் சொல்லி வந்திருக்கிறோம். உமியை எரித்த சாம்பல் சிமெண்டுக்குக் கைகொடுக்கும் என்பதால், கட்டட வேலையில் அவனுக்கு இனி கொஞ்சம் மரியாதை கொடுக்கலாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். கொஞ்சம்தான், முழுவதும் நம்பிவிட வேண்டாம்.

ஒரு டன் நெல்லை அரைத்தால் ஏறக்குறைய 200 கிலோ உமி கிடைக்கும். அதை எரித்தால் 40 கிலோ சாம்பல் மிஞ்சும். நன்றாக எரிந்த சாம்பலில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள். நெற்பயிர் அதை மண்ணிலிருந்து உறிஞ்சி உமியில் சேர்த்து வைக்கிறது. சிறு வயதில் உமிக்கரியால் பல் துலக்கியவர்களுக்கு அந்த நறநறப்பு நினைவிருக்கும்.

இது சிமெண்டுக்கு எப்படி உதவும்? சிமெண்டு தண்ணீருடன் சேர்ந்து இறுகும்போது, பிடிப்புத் தரும் பொருளோடு சுண்ணாம்பும் உண்டாகிறது. அந்தச் சுண்ணாம்பால் வலு ஏதும் இல்லை. மழைநீர் கசியும் தளத்தின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்; அப்படிக் கரைந்து வெளியே வருவது அதுதான். உமிச்சாம்பலின் சிலிக்கா இந்தச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு, அதையும் பிடிப்புத் தரும் பொருளாக மாற்றிவிடுகிறது. கான்கிரீட்டின் நுண்துளைகள் அடைபடுவதால் உப்பு நீர் உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைப்பதும் குறைகிறது. செங்கல் பொடியான சுர்க்கியைச் சுண்ணாம்பில் கலந்து கட்டினார்களே நம் பழைய கொத்தனார்கள், அதற்கும் அடிப்படை இதுவே.

ஆனால் எல்லாச் சாம்பலும் இதைச் செய்யாது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. உமி சுமார் 700 டிகிரிக்கு மேல் போகாமல் எரிந்தால் சிலிக்கா ஒழுங்கற்ற அமைப்பில், வினைபுரியத் துடிக்கும் நிலையில் இருக்கும். சூடு அதைத் தாண்டிப் போகப் போக அது படிகமாகி, சுண்ணாம்பைச் சட்டை செய்யாத வெறும் மணலைப் போல ஆகிவிடும். அமெரிக்காவில் பெர்க்லியில் பேராசிரியர் பி.கே. மேத்தா 1970களிலேயே, அளவான சூட்டில் எரித்தால்தான் நல்ல சாம்பல் கிடைக்கும் என்று காட்டினார். வெளுப்பாக இருந்தால் நல்ல சாம்பல் என்று நம்பிவிடாதீர்கள். படிகமான சாம்பலும் வெளுப்பாகத்தான் இருக்கும். அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது; மூக்கைக் கட்டிக்கொள்ளாமல் அள்ளக் கூடாது.

நான் முதன்முதலில் சோதித்தபோது, ஓர் ஆலையின் குவியலிலிருந்து வாரிய கரிய சாம்பலை அரைக்காமல் அப்படியே கலந்தேன். ஐம்பது கிலோ சிமெண்டு மூட்டையில் ஐந்து கிலோவைக் குறைத்து, அந்த இடத்தில் சாம்பல். ஐந்து கிலோதானே என்று நினைத்தால், சட்டி சட்டியாக வந்துகொண்டே இருக்கிறது, அவ்வளவு லேசு! தண்ணீரையோ பஞ்சு போலக் குடிக்கிறது. மேஸ்திரி கரண்டியைக் கலவையில் குத்திப் பார்த்தார். “சார், இது புட்டு மாதிரி உதிர்கிறது. இன்னும் ஒரு குடம் விடட்டுமா?” என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். அந்தக் கலவையில் வார்த்த சோதனைக் கட்டிகளை இருபத்தெட்டாம் நாள் இயந்திரத்தில் வைத்து நசுக்கியபோது, சாம்பல் கலக்காத கட்டியின் பக்கத்தில்கூட வரவில்லை. பிறகு சாம்பலை இரும்புக் குண்டுகள் உருளும் ஆலையில் மாவாக அரைத்து, தண்ணீரைக் கூட்டாமல் கலவையை இளக்கும் ரசாயனமும் சேர்த்த பிறகே எண்கள் தலை நிமிர்ந்தன. பத்து, பதினைந்து சதவீதம் வரை சிமெண்டுக்குப் பதிலாக இப்படிச் சேர்க்கலாம். கூடுதல் நாள் தண்ணீர் விட்டு ஈரம் காக்க வேண்டும்.

கான்கிரீட்டுக்கான நம் நாட்டு விதித்தொகுப்பு, ஐ.எஸ். 456, 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் உமிச்சாம்பலைப் பெயர் சொல்லியே அனுமதிக்கிறது. தரம் ஒரே சீராக இருக்க வேண்டும், முடிவெடுக்கும் பொறுப்பில் உள்ளவர் ஒப்ப வேண்டும் என்பது நிபந்தனை. வீடு கட்டுகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் வாங்கும் பி.பி.சி. எனும் கலப்புச் சிமெண்டு மூட்டையில் ஏற்கெனவே அனல்மின் நிலையச் சாம்பல் 15 முதல் 35 சதவீதம் வரை இருக்கும். அதன் தலையில் இதையும் கொட்டினால் கணக்கு தப்பும். தளம், தூண் பக்கம் போகவே வேண்டாம். சோதித்துப் பார்த்த சாம்பல் கிடைத்தால், நடைபாதைக் கற்களில் தொடங்கலாம்.

போன மாதம் ஓர் அரிசி ஆலைக்காரர், சாலையோரக் குழியில் கொட்டிவைத்திருந்த சாம்பலைக் காட்டி, “இதை வாங்க ஆள் இருக்கிறார்களா, சார்?” என்றார். “உங்கள் பாய்லருக்குள் எத்தனை டிகிரியில் எரிகிறது?” என்று கேட்டேன். புழுங்கலுக்கு நீராவி வந்தால் போதும் என்று ஓடும் பாய்லர் அது. நீராவி அழுத்தத்துக்கு மீட்டர் இருந்தது. நெருப்பின் சூட்டைப் பார்க்க ஒன்றுமில்லை. அதை அளக்கும் கருவியோடு அடுத்த வாரம் அங்கே போகிறேன்.

வணக்கம்.