சியாட்டில்: ஒரு கைக்குழந்தை, ஒரு கயிறு, ஒரு ஊர்

[திரையில்: மழையில் ஆல்கை கடற்கரை]

1851 நவம்பர் 13. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் ‘எக்ஸாக்ட்’ என்ற பாய்மரக் கப்பலில் இருந்து சில குடும்பங்கள் கொட்டுகிற மழையில் கரை இறங்குகின்றன. முன்கூட்டியே வந்து குடிசை கட்ட ஆரம்பித்த 19 வயது டேவிட் டென்னி காய்ச்சலில் சுருண்டு கிடக்கிறார், குடிசைக்கு இன்னும் கூரை இல்லை. இல்லினாய்ஸிலிருந்து குதிரை வண்டிகளில் மாதக்கணக்கில் வந்த அண்ணி மேரி அதைப் பார்த்து அழுதே விட்டார். அவர் கையில் இரண்டு மாதக் குழந்தை ரோலண்ட்.

மேரிக்குப் பால் சுரக்கவில்லை, பசும்பாலுக்கும் வழியில்லை. மட்டியை வேகவைத்த சாற்றைக் கொடுத்துத்தான் பிள்ளையைப் பிழைக்க வைத்தார்கள். அதைச் சொல்லிக்கொடுத்தது அந்த மண்ணின் பழங்குடிப் பெண்கள் என்பார்கள்.

[திரையில்: படகு, கடலுக்குள் இறங்கும் கயிறு]

அவர்கள் கரை இறங்கிய ஆல்கையில் கப்பல் வந்து நிற்க வசதி போதாது. அதனால் 1852-இல் மேரியின் கணவர் ஆர்தர், கூட்டாளிகள் போரன், பெல் மூவரும் துணி காயப்போடும் கயிற்றில் குதிரை லாடங்களைக் கட்டி, எலியட் விரிகுடாவில் இறக்கி இறக்கி ஆழம் பார்த்தார்கள். கிழக்குக் கரையோரம் நல்ல ஆழம் கிடைத்தது, அங்கேயே நிலம் பிடித்தார்கள். வெட்டிய மரம் கப்பலேறி சான்பிரான்சிஸ்கோ போனது, 1853-இல் யெஸ்லர் என்பவரின் நீராவி மர ஆலை வந்தது, அப்புறம் ஊரின் வளர்ச்சி நிற்கவில்லை. 1861-இல் பல்கலைக்கழகத்துக்கு நிலத்தின் பெரும்பகுதியைக் கொடுத்ததும் ஆர்தர்தான். அவர் கரையை ஒட்டித் தெரு போட்டார், பக்கத்து நிலக்காரர் மேனார்ட் திசைகாட்டி பார்த்துப் போட்டார். இரண்டும் சேரும் இடத்தில் தெருக்கள் இன்றைக்கும் கோணலாகத்தான் திரும்புகின்றன.

[திரையில்: தலைவர் சியாட்டிலின் புகைப்படம்]

இதையும் சொல்லியாக வேண்டும். ஊருக்குப் பெயர் கொடுத்தது துவாமிஷ், சுகுவாமிஷ் பழங்குடி மக்களின் தலைவர் சியாட்டில். அதே ஊர் 1865-இல், வேலை கொடுப்பவர் இடம் தந்தால் ஒழிய பழங்குடியினர் உள்ளே குடியிருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. அடுத்த ஆண்டு, துவாமிஷ் மக்களுக்குத் தனி நிலம் ஒதுக்கக் கூடாது என்று குடியேறிகள் எழுதிய மனுவை மேலே அனுப்பியவர் ஆர்தர் டென்னி. எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது. மட்டிச் சாற்றில் பிழைத்த பிள்ளையின் அப்பா அல்லவா அவர்!

ரோலண்ட் 1939 வரை வாழ்ந்தார். துவாமிஷ் மக்கள் அந்த ஊரில் தங்களுக்கென ஒரு பொது வீட்டைத் திறந்தது 2009-இல்.